பென்னியின் கடிதம்

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் இருக்கும் சபையின் பதிவேடுகளை ஒன்பது வருஷமாக எப்சிதான் எழுதிவந்தாள். வாரம் முழுக்க மறைமலை நகரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை மதியம் சபை ஆபீஸ். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் அவள் கையெழுத்துதான். அதனால் தம்பி பென்னியின் கடிதமும் அவள் மேஜைக்கே வந்தது.

'குழந்தைப் பருவத்தில் எனக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. அந்த விசுவாசம் இப்போது எனக்கு இல்லை. யார்மேலும் கோபமில்லை. என் பெயரை அங்கத்தினர் பட்டியலிலிருந்து நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

அவனுக்கு விசுவாசம் போய்ப் பல வருஷமாகிறது என்பது எப்சிக்குத் தெரியும். கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் அப்பா. அதுதான் அவளைச் சுட்டது.

"கமிட்டியில வெக்கணுமாம். நீ எடுத்து ஆயர்கிட்ட குடுத்துடும்மா."

"நீங்க அவனை ஒண்ணும் சொல்லலையாப்பா?"

"என்னத்த சொல்றது? இஷ்டமில்லாதவனை இழுத்துக்கினு வந்து உக்கார வெக்கவா முடியும்?"

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எப்சி கதிரேசனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். அதே கம்பெனிக்காரன். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொள்ளலாம், யாரும் மதம் மாற வேண்டாம் என்றுதான் அவன் கேட்டான். அப்பா மூன்று நாள் சாப்பிடவில்லை. "ஞானஸ்நானம் வாங்குன பொண்ணு நீ. என் பொணத்தைத் தாண்டித்தான் போகணும்" என்றார். எப்சி அடங்கினாள். கதிரேசன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். எப்சிக்கு இப்போது முப்பத்தாறு. அதற்குப் பிறகு வந்த எந்த வரனுக்கும் அவள் சம்மதிக்கவில்லை.

அப்பா போனதும் கடிதத்தை ஞாயிறு பள்ளி சர்டிபிகேட்டுகளுக்கு அடியில் செருகி, பீரோவைப் பூட்டினாள்.

கமிட்டி இரண்டு தடவை கூடிக் கலைந்தது. பென்னி போன் செய்தான். "அக்கா, என் லெட்டர் என்ன ஆச்சு?"

"ஆயருக்கு நேரமில்லடா" என்று வாய் கூசாமல் சொன்னாள்.

மூன்றாம் மாதம் ஆராதனை முடிந்ததும் அப்பாவே ஆயரைக் கேட்டுவிட்டார். அப்படி எந்தக் கடிதமும் தனக்கு வரவில்லை என்றார் ஆயர். அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பென்னியும் வந்திருந்தான்.

"லெட்டர் எங்கம்மா?" என்றார் அப்பா.

"மறைச்சு வெச்சிருக்கேன்."

"ஏன்க்கா?" பென்னி கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்தான். "நான் போறது உனக்கு அவ்ளோ கஷ்டமா?"

"நீ போறதுல எனக்கென்னடா கஷ்டம்? உன் லெட்டரை அப்பாவே தூக்கிக்கிட்டு வராரு பாரு, அதைத்தான் தாங்க முடியல. வயிறு எரியுது." அப்பா பக்கம் திரும்பினாள். "கதிரேசன் விஷயத்துல நான் சபையை விட்டுப் போறேன்னுகூட சொல்லலையேப்பா. என்னை மட்டும் ஏன் விடல?"

அப்பா இலையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்.

"இவன் சொன்னா கேக்க மாட்டான். நீ கேப்பேன்னு தெரியும். அதான் சொன்னேன்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போனார்.

"அப்ப நான் ஹாஸ்டல்ல இருந்தேன். எனக்கு எதுவுமே தெரியாதுக்கா" என்றான் பென்னி.

"தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

பென்னி தன் இலையை மடித்தான்.

அடுத்த சனிக்கிழமை எப்சி கடிதத்தை ஆயரிடம் கொடுத்து, மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். கமிட்டி ஒப்புக்கொண்டது. பென்னியின் ஞானஸ்நானப் பதிவுக்குப் பக்கத்தில், 'சொந்த விருப்பத்தின்பேரில் சபையைவிட்டு நீங்கினார்' என்று அவளே எழுதித் தேதி போட்டாள். 'சொந்த விருப்பம்' என்று எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது. சில பக்கம் முன்னால் புரட்டித் தன் பெயரைப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

பீரோச் சாவியை ஆயரிடம் நீட்டினாள். "இந்த வேலைக்கு வேற யாரையாவது பாத்துக்குங்க ஐயா."

"நீயும் போறியாம்மா?"

"இன்னும் தெரியல. யோசிக்கிறேன்."

மறுநாள் ஆராதனைக்குப் போனாள். வழக்கமான வரிசையில் அப்பா அவளுக்கு இடம்போட்டு வைத்திருந்தார். எப்சி அவரைக் கடந்து போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.