நாய்க்குட்டியும் மூக்காயியின் பிறந்த திகதியும்

தங்கையா மாமாவின் கம்ப்யூட்டர் செத்துப்போகத் தேர்ந்தெடுத்த நேரம் சனிக்கிழமை பகல் ஒரு மணி. பத்து வருடமாக அதற்கு எத்தனையோ நாட்கள் கிடைத்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இரண்டாயிரத்து எட்டு ஐப்பசியில், இரத்தினபுரியிலிருந்து வந்த அடையாள அட்டை மாத்தயா, அதாவது சிங்கள அதிகாரி, தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டிருந்த அந்த ஒரு நாளைப் பார்த்து எடுத்தது.

நிரோஷா கதவைத் திறந்தபோது திரையில் எழுத்து வந்தது, அணைந்தது, மறுபடி வந்தது. மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்து அதை வெறித்துக்கொண்டிருந்தார். தொழிலாளர் லயத்து மூக்காயி வாசல்படியில் நின்றாள். உள்ளே வரச் சொன்னால் கால் சேறு என்றாள்.

"எந்திரிக்குது, விழுது, எந்திரிக்குது, விழுது. ஒரு மணியிலருந்து இதே கூத்துதான் புள்ள" என்றார் மாமா.

மூக்காயிக்கு அடையாள அட்டை கிடையாது. பிறப்புச் சான்றிதழும் கிடையாது. போன மாதம் கொழும்பிலிருக்கும் மகளைப் பார்க்கப் போனவளை வழிச் சோதனையில் பஸ்ஸைவிட்டு இறக்கி, ஓர் இரவும் மறுநாள் பகலும் பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்கள். இனி பேப்பர் இல்லாமல் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லித்தான் விட்டார்கள். மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம்.

மூக்காயி பிறந்ததற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சி இருந்தது: தோட்டத்துப் பிறப்புப் புத்தகம். அதைக் கறையான் தின்றுவிட்டது. தின்பதற்கு முன்னால், ஒப்பீஸ் கிளாக்கராக இருந்த தங்கையா மாமா பக்கம் பக்கமாகக் கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்தார். அவர் ஓய்வுபெற்றபோது தோட்டம் அந்தக் கம்ப்யூட்டரையே அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. தூக்கி எறிய ஆள் பிடிப்பதைவிட அது சுலபம்.

"பதிவு நம்பரும் தேதியும் எழுதிக் கொண்டாந்தா கையெழுத்து வைக்கிறேன்னு சின்னத் துரை சொல்லிட்டாரு" என்றார் மாமா. சின்னத் துரை என்றால் தோட்டத்து உதவி மேனேஜர். "மனப்பாடமாச் சொல்றதெல்லாம் எடுக்க மாட்டாராம். எனக்கு மனப்பாடமும் இல்ல."

"பிரின்ட் எடுத்து வச்சிருக்கலாமே மாமா."

"எதுக்கு? அதான் கம்ப்யூட்டர்ல இருந்துச்சே."

கீழே பள்ளிக்கூடத்தில் கோயிலிலிருந்து இரவல் வாங்கிய ஒலிபெருக்கி இருமியது. "ஹதரட்ட வஹனவா!" நாலு மணிக்கு மூடிவிடுவார்களாம்.

நிரோஷா பெல்மதுளையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுப்பவள். அன்றைக்கு வந்ததே வேறு காரியத்துக்கு. மெஷின் மெதுவாகிவிட்டது, விண்டோஸுக்குப் பதிலாகக் காசு கொடுக்காமல் போடக்கூடிய லினக்ஸ் ஏதாவது பார்த்துக் கொண்டுவா என்று மாமா கேட்டிருந்தார். பையில் இரண்டு சீடி இருந்தன. தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஆற அமர ஒன்றைத் தெரிவு செய்யலாம் என்று நினைத்திருந்தாள்.

அவள் பையைத் திறக்குமுன் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. மாமாவின் மகன் யோகராஜ். றக்வானையில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறான். எந்த நோய்க்கும் அவனிடம் ஒரே மருந்துதான்.

"போமட் அடிச்சாச் சரியாயிரும்" என்று ஒரு சீடியை நீட்டினான். "விண்டோஸ். அரை மணித்தியாலம்."

"போமட் அடிச்சா உள்ள இருக்கிறது என்னாகும்?"

"சுத்தமாயிரும்."

"மூக்காயி பெரியம்மா பொறந்ததும் சேர்ந்து சுத்தமாயிரும்" என்றாள் நிரோஷா. "கைய எடு."

இருவரும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டரின் சீடி பொத்தானை அழுத்தினார்கள். தட்டு வரவில்லை. உள்ளே ஏதோ கிர்ரென்று முனகி ஓய்ந்தது. நிரோஷா குனிந்து பார்த்தாள். தட்டின் வாயை மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது.

"என்ன மாமா இது?"

"ஆயுத பூசைக்குச் சந்தனம் வச்சேன்" என்றார் மாமா. "கொஞ்சம் தண்ணியாப் போச்சு. உள்ள ஓடிருச்சு."

"குங்குமம்?"

"வைக்காம இருப்பனா?"

கொண்டை ஊசியைக் கழற்றிக் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினாள். அவசரத்துக்கென்று இருக்கும் சின்னத் துளையில் ஊசியைச் செருகித் தள்ள, தட்டு அரை அங்குலம் வந்து நின்றது. நகத்தால் இழுத்து, சீடியை வாசிக்கும் கண்ணில் அப்பியிருந்த குங்குமத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். மணி இரண்டரை.

இனித் தெரிவு. முதல் சீடியின் உறையில் மூன்று பேர் கைகோத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது அவளே எழுதிய சீடி. பேனாவால் 'பப்பி' என்று கிறுக்கியிருந்தாள்.

"நாய்க்குட்டியா?" என்றான் யோகராஜ். "அப்பாவோட கம்ப்யூட்டருக்கு நாயா போடப் போற? மத்ததப் போடு. அதுதான் ஒரிஜினல் மாதிரி இருக்கு."

அவளுக்கும் ஆசைதான். வகுப்பில் அதுதான் அழகாக ஓடும். போட்டாள். சுட்டி இருந்த இடத்தில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. மாமா அதைப் பயபக்தியோடு பார்த்தார். மூக்காயி வாசலிலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பதினைந்து நிமிடம் சுற்றியது. இருபது நிமிடம் சுற்றியது. நூற்றிருபத்தெட்டு எம்பி நினைவகத்தில் அது நாளைக்கும் சுற்றும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. உறையைப் பார்த்து மயங்கிவிட்டாள்.

"இதுவும் விழுந்துருச்சா?" என்று மூக்காயி கேட்டாள்.

"இல்ல பெரியம்மா. இது இந்த மெஷினுக்குப் பெரிசு."

மணி மூன்று. மறுபடி கொண்டை ஊசி. மறுபடி நகம். பப்பி உள்ளே போனது. இது வன்தட்டைத் தொடாது. சீடியிலிருந்தே எழுந்து நிற்கும். உள்ளே இருப்பதைப் பார்க்கும், அழிக்காது. இதை முதலிலேயே போட்டிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. யோகராஜ் மட்டும் சொன்னான்.

கறுப்புத் திரையில் வரிகள் இறங்கின. மலைக்கு அந்தப் பக்கம் இடி உருண்டது. மாமாவின் கை தானாகச் சுவர்ப் பக்கம் போனது. இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவது பத்து வருட வழக்கம். நிரோஷா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாமா!"

"மின்னல் அடிச்சா எரிஞ்சிரும் புள்ள."

"எரியட்டும். மூணே முக்காலுக்கு மேல எரியட்டும்."

வரிகள் நின்றன. திரை ஒரு கணம் இருண்டது. பிறகு கம்ப்யூட்டர் குரைத்தது. வள், வள் என்று இரண்டு தரம், தெளிவாக. லயத்துப் பக்கம் இரண்டு நாய்கள் பதில் சொல்லின.

"ஐயோ சாமி" என்று மூக்காயி சேற்றுக் காலோடு உள்ளே வந்துவிட்டாள்.

நிரோஷா வன்தட்டைத் திறந்தாள். பழைய கோப்புறைகள் அப்படியே இருந்தன. 'பிறப்பு' கோப்பைச் சொடுக்கினாள். பக்கம் நிறைய இங்கிலீஷ் எழுத்து. அதுவும் இங்கிலீஷ் இல்லை. அரைப்புள்ளியும் வீதக்குறியும் கலந்து, எலி நடந்த மாதிரி.

"அழிச்சிட்டியே" என்றான் யோகராஜ்.

அழியவில்லை என்று அவளுக்குத் தெரியும். மாமா பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். அது இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ் முகமூடி மாட்டுகிற ஏற்பாடு. பப்பியிடம் அந்த முகமூடி இல்லை. தேடி எடுத்து மாட்ட அரை மணித்தியாலமாவது வேண்டும். மணி மூன்று முப்பத்தைந்து. ஒலிபெருக்கி மறுபடியும் நாலு மணியை ஞாபகப்படுத்தியது.

"தள்ளு" என்றார் மாமா.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்கு நெருங்கினார். வலது கை மேசைமேல், இல்லாத ஒரு விசைப்பலகையில் தட்டத் தொடங்கியது. கண் ஓர் எழுத்தைப் பார்க்க, விரல் அந்த விசையைத் தேடிப் போக, வாய் தமிழைச் சொன்னது.

"கருப்பாயி... காளியம்மா... இதோ." திரையில் %f;fhap என்று இருந்தது. "மூக்காயி."

"இதுவா?" என்றான் யோகராஜ்.

"பத்து வருசம் அடிச்சேன்டா. என் விரலுக்குத் தெரியும்." நிமிர்ந்தார். "ஆனா ரெண்டு மூக்காயி இருக்கு. ஒன்னோட அப்பா பேரு என்ன?"

"முத்துவீரன்" என்றாள் மூக்காயி. "தேயிலைக் கவ்வாத்து வெட்டுன முத்துவீரன்."

விரல் மேசையில் ஓடியது. முதலாவதில் நின்றது, இல்லையென்று ஆடியது, இரண்டாவதுக்குப் போனது. அங்கே மெதுவாக, ஒவ்வொரு தட்டாகத் தட்டியது.

"முத்துவீரன். பதிவு முன்னூத்திப் பதினேழு. அம்பத்து மூணாம் வருசம், மார்ச் ஒம்பது. எழுது புள்ள, எழுது."

எழுதினாள். யோகராஜ் அதற்குள் மோட்டார்சைக்கிளை உதைத்திருந்தான். அது முதல் உதையில் பிடிக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் பிடித்தது. கடதாசியை வாயில் கவ்விக்கொண்டு, மூக்காயியைப் பின்னால் ஏற்றி, மழையில் இறங்கினான். மாமாவும் நிரோஷாவும் வாசலில் நின்று பார்த்தார்கள். வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நாலு மணிக்கு ஒலிபெருக்கி நின்றது.

நாலரைக்கு மூக்காயி படியேறி வந்தாள். பெருவிரல் நீலமாக இருந்தது.

"சின்னத் துரை கையெழுத்து வச்சாரு. மாத்தயா மேசைய மடிச்சிட்டாரு. ஒங்க மகன் மேசக் காலு மேல ஏறி நின்னு திரும்ப விரிக்க வச்சிருச்சு. ரசீது குடுத்திருக்காங்க. அட்டை வர்ற வரைக்கும் இதக் காட்டுன்னாங்க." ரசீது நனையாமல் ரவிக்கைக்குள் இருந்தது. அதை அவள் வெளியே எடுக்கவில்லை. "அறுவது அறுவதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன் கிளாக்கரய்யா. அம்பத்தஞ்சாமே. அஞ்சு வருசம் சும்மா கெழவியா இருந்திருக்கேன்."

பிறகு கம்ப்யூட்டர் பக்கம் வந்து, "எங்க, அதக் காட்டுங்க" என்றாள்.

மாமா விரலை வைத்துக் காட்டினார். மூக்காயி குனிந்து, வீதக்குறியிலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். மாத்தயா சிங்களத்தில் எழுதியதையும் சற்றுமுன் அதே நிதானத்தோடுதான் பார்த்திருப்பாள்.

"இருங்க பெரியம்மா" என்றாள் நிரோஷா. "இதத் தமிழ் எழுத்தா மாத்திக் காட்டுறேன்."

"மாத்திறாத புள்ள" என்றாள் மூக்காயி பதறிப்போய். "அப்பறம் கிளாக்கரய்யாவுக்கு வாசிக்கத் தெரியாமப் போயிரும்."