ஐந்து மணி உத்தரம்

ஓசகாவின் ஆகஸ்ட் வெயிலில், பகல் இரண்டு மணிக்கு, கட்டடத்தின் கடைசி உத்தரத்தை ஏற்றி விழா எடுப்பது என்று முடிவு செய்தவர் பொறியாளர் சுகியூரா. விருந்தினர்கள் நிதானமாக வரட்டும் என்று நினைத்தார். இரும்புக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

ஆறு மாடிக் கட்டடம். கிழக்கிலிருந்து ஒரு பாதி, மேற்கிலிருந்து ஒரு பாதி என்று தூணும் உத்தரமுமாக எழுப்பிக்கொண்டு வந்து, உச்சியில் நடுவே ஒரே ஓர் உத்தரத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தோம். எழுப்பியவர் நோகாமி மேஸ்திரி; கூடவே நாங்கள் பதினோரு பேர். அந்தக் கடைசி உத்தரத்தின் முனையில் கட்டட முதலாளி கதோவாக்கி தன் கையாலேயே வெள்ளைப் பெயிண்டில் பெயர் எழுதி வைத்திருந்தார். தாராளமான கை. பெயிண்ட் வழிந்து ஓரத்தில் உறைந்துவிட்டது. அதையும் அழகு என்றுதான் சொல்லிவைத்தோம்.

விழாவுக்கு முந்தைய நாள் மதியம் சுகியூரா மேலே ஏறி இடைவெளியை அளந்தார். உத்தரத்தின் நீளத்தைவிடப் பத்து மில்லிமீட்டர் குறைந்தது. மறுபடி அளந்தார், அதே பத்து. கீழே வந்ததும், முனையை வெட்டித் துளைகளைப் புதிதாகப் போடச் சொன்னார்.

மேஸ்திரி சிகரெட்டைப் பாதியில் அணைத்தார். கல்யாண வீட்டில்கூட அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"வெட்ட மாட்டேன் சார். இது வெயில் பண்ற வேலை. ரெண்டு பக்கமும் சூட்டுல நீண்டுபோயி நடுவுல நெருக்கிக்கிட்டு நிக்குது. காலையில அஞ்சு மணிக்கு ஏத்துவோம், தானா உக்காரும்."

"வெயில் கணக்கு எனக்கும் தெரியும். அதுல அஞ்சு மில்லி போகும். மீதி அஞ்சு, உங்க ஆளுங்க தூணைச் சாய்ச்சு நட்டது."

எங்கள் தூணைச் சாய்ந்தது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. சுகியூரா தொடர்ந்தார். நேரத்தை மாற்ற முடியாது, விருந்தினர்களுக்கு அழைப்புப் போயாயிற்று. இரண்டு மணிக்கு உத்தரம் உட்காராவிட்டால் குழு சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். பக்கத்து மனையில் எழும்பப் போகும் இரண்டாவது கட்டடத்துக்கு வேறு ஆள் பார்க்கப்படும். அந்தக் கட்டடத்தை நம்பித்தான் மேஸ்திரி கோபே நகரத்திலிருந்து வந்த வேலையை வேண்டாம் என்றிருந்தார். இப்போது வெட்டிக் கொடுத்தாலோ, குளிர்காலத்தில் இரும்பு சுருங்கும்போது அந்த இணைப்பு இழுபடும். அப்போதும் திட்டு எங்களுக்குத்தான்.

நேரத்தை மாற்றக்கூடிய ஒரே ஆள் முதலாளி. மேஸ்திரி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் துணிக்கடைத் தெருவில் பிறந்தவன். மூன்று அண்ணன்களுக்கே கடை போதாததால் இரும்புக்கு வந்தேன். குழுவில் என் பெயர் 'கடைக்காரன்'. பேச்சுவார்த்தை என்றால் என்னை முன்னால் தள்ளுவார்கள்.

கதோவாக்கி, தாள்தாளாக உலர்த்திய கடல்பாசியின் மொத்த வியாபாரி. கடைக்குள் ஆளுயரக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய கையெழுத்தின் அழகில் ஆரம்பித்து, குடும்பத்தின் பெருமைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் விசிறியை நீட்டி நிறுத்தினார்.

"நீ துணிக்கடைப் பையன்தானே? முதல்ல புகழுவீங்க, அப்புறம் வெலை சொல்லுவீங்க. வெலையைச் சொல்லு."

என் இருபது வருட வளர்ப்பு ஒரே வரியில் போயிற்று. மேஸ்திரி என்னை ஓரமாக நகர்த்திவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார். காலை ஐந்து மணிக்கு நீங்கள் வந்தால் போதும் என்று முடித்தார்.

"வந்து, உத்தரம் உக்காரலேன்னா?"

"நாங்க கெளம்பிடறோம் முதலாளி."

"அதை சுகியூராவே பண்ணிடுவார். தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு வர்றேனே, எனக்கு என்ன?"

மேஸ்திரி விரலை மேலே காட்டினார். "வெட்டுப்படாத உத்தரம். உங்க தலைக்கு மேல இருக்கப்போறது அதுதானே."

கதோவாக்கி பக்கத்துக் கட்டு ஒன்றிலிருந்து ஒரு பாசித் தாளை உருவி வளைத்துப் பார்த்தார். மழைக்காலக் காலையில் அது தோல்போல வளையும், மதியம் ஓடுபோல நொறுங்கும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

"ஈரக் காலையில நான் பாசியை எடை போட்டு வாங்கினதே இல்லை. அந்த நேரத்துல அது பொய் சொல்லும். உங்க இரும்பு மதியம் பொய் சொல்லுமாக்கும்?"

"ஆமா முதலாளி."

"அப்ப வர்றேன். விருந்தாளிங்க ரெண்டு மணிக்கே வரட்டும். அவங்க வர்றது சாப்பாட்டுக்கு."

அன்று சாயங்காலமே உத்தரத்தை நிழலுக்கு இழுத்து, மேலே ஈரப்பாய் போட்டோம். மறுநாள் நான் போய்ச் சேரும்போது மேஸ்திரி ஏற்கெனவே தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொடுவதுபோல. "குளுந்து கெடக்கு" என்றார்.

முதலாளி விழா உடையோடு தற்காலிகப் படியேறி ஆறாவது தளத்துக்கே வந்துவிட்டார். சுகியூரா இடைவெளியை அளந்தார். உத்தரத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் அதிகம். டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது உதவிக்கு வரவில்லை.

கிரேன் தூக்கியது. கிழக்கு முனை ஒழுங்காக உட்கார்ந்தது. மேற்கு முனை பாதி இறங்கி நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. சுகியூரா கைகளைக் கட்டிக்கொண்டார். எனக்கு கோபே போகிற ரயிலெல்லாம் நினைவுக்கு வந்தது.

மேஸ்திரி உத்தரத்தின்மேல் நடந்துபோய்க் குந்தினார். சந்தில் விரலை விட்டுத் தடவினார். இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்து அதன் கூர்முனையை உள்ளே விட்டார். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது.

"முதலாளி, உங்க கையெழுத்து கொஞ்சம் தடிமன்."

"சொரண்டு, சொரண்டு. பேர்ல மட்டும் கை வைக்காதே."

உறைந்த பெயிண்ட் கட்டி உதிர்ந்ததும் உத்தரம் மெல்ல இறங்கித் தன் இடத்தில் நின்றது. துளைக்கு நேராகத் துளை. மேஸ்திரி சுகியூராவிடம் ஒரு போல்ட்டை நீட்டினார்.

"சுத்தி வேணாம் சார். வெரலால தள்ளுங்க."

சுகியூரா விரலால் தள்ளினார். போல்ட் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. அவர் நல்ல மனிதர். அங்கேயே, எல்லோர் முன்னாலும், தூண்கள் நேராகத்தான் இருக்கின்றன என்று சொன்னார். கதோவாக்கி விழாவுக்குக் கொண்டுவந்த சாக்கே மதுவைத் தூணின் காலில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, மிச்சத்தை மேஸ்திரி கையில் கொடுத்தார். இரண்டாவது கட்டடத்துக்கும் இவர்களே என்று சுகியூராவைப் பார்த்துச் சொன்னார். சுகியூரா தலையசைத்தார்.

இரண்டு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், சாப்பிட்டார்கள். உத்தரம் எத்தனை மணிக்கு ஏறியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் வேலையிட அலுவலகச் சுவரில் சுகியூராவின் கையொப்பத்தோடு ஓர் அறிவிப்பு தொங்கியது. கோடை முடியும்வரை, இரண்டாவது கட்டடத்திலும், இரும்பு ஏற்றும் வேலை காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். பதினோரு பேரும் அதைப் படித்துவிட்டு மேஸ்திரியைப் பார்த்தோம்.

"ஜெயிச்சது நீங்க மேஸ்திரி, எந்திரிக்கிறது நாங்களா?" என்றேன்.

அவர் புது சிகரெட் ஒன்றைப் பற்றவைத்து நிதானமாக இழுத்தார்.

"நீ நாலரைக்கே வந்துடு கடைக்காரா. டீ போடணும்."