ஏணிப்பூவும் கல்வாழையும்

தண்ணீர்க் குழாய் மாற்ற வந்தவர்கள் வாசல் சுவரோரத்து மண்ணைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் ஏறின வெயில் சாயங்காலம்வரை இறங்காத இடம் அது. இப்போது ஒரு புல்கூட இல்லாமல் மொட்டைத் தலை மாதிரி கிடந்தது. போதாக்குறைக்குப் புதுக் குழாய் வேறு சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

“உயரமா ஏதாவது வச்சு இதை மறைக்கணும்,” என்றாள் அண்ணி.

“ஏணிப்பூ வைக்கலாம் அண்ணி,” என்றாள் டிரங்கால்.

டிரங்கால், அண்ணிக்கு நாத்தனார். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பக்கத்து அறைக்குப் பேசினாலும் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுப் பேசுகிற குரல் என்று அண்ணன் வைத்த பெயர் அது. அந்த அண்ணன் போய்ச் சேர்ந்தபின், அண்ணி ஒண்டியாக இருக்கிறாளே என்று இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினாள். “ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்” என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். மாசம் முடிந்தது. அண்ணி இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பிறந்து வளர்ந்த வீடுதான். ஆனாலும் இன்றைக்கு அது அண்ணியின் வீடு. இருக்கட்டுமா என்று வாய்விட்டுக் கேட்க டிரங்காலுக்கு நாக்கு எழவில்லை. அவள் ஊர் வாடகை வீட்டுக்காரரோ, “வரீங்களா, காலி பண்றீங்களா?” என்று போனில் குடைந்துகொண்டிருந்தார்.

இரண்டு பேரும் பஸ் ஏறி நர்சரிக்குப் போனார்கள்.

நர்சரிக்காரர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். “உயரமா, நல்ல வெயில்ல, வருஷா வருஷம் தானா வரணும். அவ்வளவுதானே? டேலியா பாருங்க. தட்டு மாதிரிப் பூ.”

“அதுக்குக் கம்பு நட்டுக் கட்டணும். காத்தடிச்சா ஓடிப் போய் நிமித்தணும்,” என்றாள் அண்ணி. “குழந்தை வளர்க்கிற வயசெல்லாம் போச்சுங்க.”

“அப்ப கல்வாழை. சிவப்பு, மஞ்சள் ரெண்டும் இருக்கு. வச்சு மறந்துடலாம்.”

“அதைத்தான் நான் நினைச்சுகிட்டு வந்தேன்.”

டிரங்கால் அதற்குள் கடைசி வரிசையில் குனிந்திருந்தாள். உள்ளங்கை அகல இலை நாலைந்து விட்ட நாற்றுகள். பலகையில் ஹாலிஹாக் என்று எழுதியிருந்தது. அவள் வீட்டில் அதற்கு ஏணிப்பூ என்றுதான் பெயர். தண்டு ஆளுக்கு மேல் வளரும். பூ அடியில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாக உச்சிக்கு ஏறும். சின்ன வயதில் அந்த வாசல் சுவரோரத்தில்தான் அவளும் அண்ணனும் தண்டோடு முதுகை ஒட்டி நின்று, யார் எத்தனை படி என்று அளப்பார்கள். அண்ணன் எப்போதும் ஒரு படி அதிகம். சமையலறை ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வரும்: “டேய், குதிகாலைக் கீழ வைடா. பூவே சிரிக்குது.” அவன் இறங்க மாட்டான். இவள் அழுவாள். அம்மா கரண்டியோடு வெளியே வந்து, இவளைத் தூக்கி உச்சிப் பூவுக்கு மேலே பிடித்து, “இப்ப யாருடா உசரம்?” என்பாள். அம்மாவின் கழுத்தில் அடுப்பு வாசனை அடிக்கும்.

“இதோ இருக்கு அண்ணி, நம்ம ஏணிப்பூ.”

“தெரியுது.” அண்ணி ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். “உனக்குப் பூ ஞாபகம். எனக்கு இதுதான் ஞாபகம். அடியில ஆரஞ்சுப் புள்ளியாத் துரு விழும். அத்தை ஜன்னல்ல இருந்து, ‘அந்த இலையைக் கிள்ளு, இந்த இலையைக் கிள்ளு’ம்பாங்க. வரவங்க எல்லாம், ‘அம்மா கைராசி’ன்னு சொல்லிட்டுப் போவாங்க. பூ உங்க அம்மாவுக்கு, துரு எனக்கு.”

“எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே.”

“லீவுல வருவே, பூ பறிப்பே, போயிடுவே. உங்கிட்ட என்னத்தைச் சொல்றது? அத்தை போனப்புறம் செடியும் ஒண்ணொண்ணாப் போச்சு. நானும் தடுக்கலை. உங்கண்ணன்தான் வெறும் மண்ணைப் பாத்துகிட்டு நிப்பாரு. வேற செடி வைங்கன்னா, ‘இருக்கட்டும்’பாரு.”

நர்சரிக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

“ஒண்ணு சொல்லிடறேன். கல்வாழை இந்த வெயில் முடியறதுக்குள்ள பூத்துடும். ஹாலிஹாக் நாத்து இந்த வருஷம் வெறும் இலைதான். வேர் பிடிச்சு, அடுத்த வருஷம்தான் தண்டு விடும். அவசரம்னா இது சரிப்படாது.”

அடுத்த வருஷம். டிரங்கால் நாற்றை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“கல்வாழையே எடுத்துக்குங்க அண்ணி. அடுத்த வருஷம் வரைக்கும் யார் காத்துகிட்டு இருக்கறது?”

அண்ணி அவளைப் பார்க்கவில்லை. நர்சரிக்காரரிடம், “இந்தத் துரு இப்பவும் வருமா?” என்றாள்.

“வரும். பாத்துப் பாத்துக் கிள்ளணும். வீட்டுல ரெண்டு பேர் இருக்கீங்களே, பிறகென்ன?”

“ரெண்டு பேர் எங்க? அவ ஒரு மாசத்துக்குத்தான் வந்திருக்கா.”

“மாசம் முடிஞ்சு நாளாச்சு,” என்றாள் டிரங்கால். அவள் குரல் அவ்வளவு சின்னதாக வந்து அண்ணி கேட்டதில்லை.

“முடிஞ்சது எனக்கும் தெரியும். இன்னிக்குப் பெட்டியைத் தூக்குவியா, நாளைக்குத் தூக்குவியான்னு காலைல எழுந்ததும் உன் ரூமைத்தான் எட்டிப் பாக்கறேன்.”

“இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“வாசல்லயே கெடு சொல்லிட்டு நுழைஞ்சவளை எந்த வாயால இருன்னு சொல்றது? ஊர்ல உனக்கு வீடு, சிநேகிதம் எல்லாம் இருக்கு. நான் ஒண்டிக்கட்டைன்னு பரிதாபப்பட்டு இருந்துடுவியோன்னு பயம்.”

“பரிதாபமா? எனக்கு அங்க யார் அண்ணி இருக்கா? சுவர்தான் இருக்கு.”

நர்சரிக்காரர் பூவாளியை எடுத்துக்கொண்டு, நனைந்திருந்த செடிகளுக்கே மறுபடி தண்ணீர் விடப் போனார்.

அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “ஐயா, அந்த நாத்துல நல்லதாப் பாத்து எடுத்து வைங்க. சாயம் ஏத்தின மாதிரி இல்லாம, இளஞ்சிவப்பா இருக்கணும். எங்க வீட்டுல அதுதான் இருந்தது.” பிறகு நாத்தனாரிடம் திரும்பினாள். “ஆனா ஒண்ணு. இலை கிள்ளறது நீதான். நான் ஜன்னல்ல நின்னு சொல்வேன்.”

“சொல்லுங்க. மாமியார் பதவி காலியாத்தானே இருக்கு.”

வீட்டுக்கு வந்து, வெயில் தாழட்டும் என்றுகூடப் பார்க்காமல் டிரங்கால் மண்ணில் உட்கார்ந்தாள். நாற்றுகள் சின்னஞ்சிறிசாக இருந்ததால் நெருக்கி நெருக்கி வைத்துக்கொண்டே போனாள். அண்ணி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தள்ளி வை. அடுத்த வருஷம் இடம் போதாம சண்டை வரும்.”

“செடிக்கா, நமக்கா?”

“ரெண்டுக்கும்தான்,” என்றாள் அண்ணி.

டிரங்கால் வைத்ததையெல்லாம் பிடுங்கி, தாராளமாக இடம் விட்டு, முதலிலிருந்து வைக்க ஆரம்பித்தாள்.