யாரும் பார்க்காத கண்

ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ பரவிக்கொண்டிருந்த நேரத்தில்தானா எனக்கு இடது கண் வலிக்க வேண்டும்? வகுப்பில் பாடம் நடத்தும்போது கண்ணைக் கசக்கியதை இன்னொரு டீச்சர் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லி, மதியத்துக்குள் பம்மல் பள்ளியிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அதைவிட மோசம். என் கணவர் ஐசக் நாவலூரில் ஐ.டி. வேலை பார்க்கிறார், படித்தவர். ஆனாலும் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிற ரகம். சாப்பாட்டுத் தட்டையும் கடையில் வாங்கிய சொட்டு மருந்தையும் அறை வாசலில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் பேசினார். ஹாலிலேயே படுத்துக்கொண்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெட்ராஸ் ஐ என்றால் உறுத்தும், பீளை தள்ளும். எனக்கு அதெல்லாம் இல்லை. கண்ணை அசைத்தால் மட்டும் உள்ளே, பின்பக்கம், சுருக்கென்றது. எழுந்தேன், உட்கார்ந்தேன், ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கொடியில் கிடந்த சிவப்புத் துப்பட்டாவைப் பார்த்தேன். வெளுத்துப்போன செங்கல் நிறத்தில் இருந்தது. மறுநாள் அதன் நடுவில் புகை மூட்டம்.

கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்குப் போனேன். ஐசக் லேப்டாப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு, ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றார்.

கண்ணாடியைக் கழற்றினேன். "கண்ணு தெரியலங்க. ஒட்டினா ஒட்டட்டும், என் கண்ணைப் பாருங்க."

லேப்டாப் மெல்லத் தாழ்ந்தது. அப்போதுதான் பார்த்தார்.

"சிவப்பாவே இல்லையே, யூனிஸ்," என்றார். லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தார்.

தாம்பரத்தில் கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இடது கண்ணின் பாப்பா சரியாகச் சுருங்கவில்லையாம். கண் நரம்பில் அழற்சி, முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார். ஸ்கேன் எடுத்து, உடனே ஸ்டீராய்டு ஏற்ற வேண்டும். பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும், வாரக்கணக்கில் ஆகலாம் என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என்னைத் தூங்கவிடவில்லை.

டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. ஐசக் நாற்காலியை இழுத்துப் போட்டு, என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து என் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நர்ஸ் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. இதை அன்றைக்கே செய்திருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வருகிறது.

"நான் தெரியுறேனா?" என்று கேட்கிறார்.

வலது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன். காதுகள் தெரிகின்றன, தலைமுடி தெரிகிறது. முகம் மட்டும் இல்லை.