முன் தண்டு, வலத்தோள்

ஆனந்தகுமாரின் வலத்தோளில் இருந்த புண்ணைப் பற்றி டாக்டர் கேட்டபோது சங்கரி பொய் சொன்னாள். கண்ணெதிரே சீழ் வடிகிற புண்ணை இல்லை என்று சொல்ல முடியாது. அதனால், “தறிக்கட்டை இடிச்சிடுச்சு டாக்டர், போன வாரம்,” என்றாள்.

டாக்டர் சந்தியா அதை நம்பினாளா என்று தெரியவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவை முதுகால் தாங்கிக்கொண்டு அடுத்ததைக் கேட்டாள்.

“இரத்தத்துல கிருமி ஏறியிருக்குதும்மா. எந்த மருந்துக்கு அடங்கும்னு ரிசல்ட் வர்றதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். அது வரைக்கும் நீங்க சொல்றத வச்சுதான் வைத்தியம். இந்த மூணு மாசத்துல கடையில ஏதாவது ஆன்டிபயாடிக் வாங்கி சாப்பிட்டாரா?”

சங்கரி பக்கத்தில் நின்ற மாமனார் வேலாயுதத்தைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லைங்க டாக்டர்.”

“சுகர் மாத்திரை தவிர ஒண்ணும் தொட மாட்டாம்மா என் புள்ள,” என்று வேலாயுதமும் சேர்ந்துகொண்டார்.

டாக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.  

விஷயம் இதுதான். அவர்கள் தெரு முருகன் கோயிலில் சாமி வீதியுலா போகும்போது பல்லக்கின் முன் தண்டை வலப்பக்கம் தூக்குவது வேலாயுதத்தின் குடும்பம். அவருக்குத் தோள் தளர்ந்ததும் மகன் தூக்கினான். உடம்பில் சீழோ இரத்தமோ கசிகிறவன் பல்லக்கைத் தொடக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. ஒரு வருஷம் விலகினால் அந்த இடம் அடுத்த பங்காளிக்குப் போய்விடும். போன இடம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. தறியில் உட்கார்ந்தால் பட்டுப்புடவைக்கு ராஜா மாதிரி கரை போடுகிற ஆனந்தகுமாருக்கு, அந்த நாலு சாண் மரத்தின் மேல்தான் உயிர்.

தண்டு அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன தோள், இந்த வருஷம் திருவிழாவுக்கு முன்பே வெடித்துவிட்டது. சர்க்கரை உடம்பு, ஆறவில்லை. கொடியேறுவதற்குள் காய வேண்டுமே என்று சங்கரி மருந்துக் கடையில் போய், “புண்ணு காயறதுக்கு ஒரு செட்டு குடுங்க,” என்று கேட்டு வாங்கினாள். டாக்டர் சீட்டு கேட்க அந்தக் கடைக்காரருக்கு என்ன தலையெழுத்தா? வெட்டிய அட்டையில் மூன்று நாளைக்கு மாத்திரை தந்தார். புண் காய்ந்தது, நிறுத்தினார்கள். தண்டு பட்டதும் மறுபடி வெடித்தது, மறுபடி ஒரு செட்டு. திருவிழா முடியும்வரை இதே கதை. தோளில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, மேலே துண்டை நாலாக மடித்துப் போட்டு அனுப்பினாள். “அப்பாவுக்குத் தெரிஞ்சா உயிர விட்டுடுவாரு, மூச்சு விடாத,” என்று சொல்லியிருந்தான் அவன்.

மூச்சு விடாமல்தான் இருந்தாள். இப்போது மூச்சு விட அவனுக்குத்தான் மெஷின் வைத்திருந்தார்கள்.

மறுநாள் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது புருஷனின் முகமே வேறாக இருந்தது. கழுத்தில் குழாய், வாயில் குழாய், கை கால் எல்லாம் வீங்கி. அவள் வேண்டாத தெய்வம் இல்லை. வேண்டிக்கொண்டே அந்தப் பொய்யையும் கட்டிக் காத்தாள், அதுதான் கொடுமை.

டாக்டர் வெளியே வந்தாள். தூங்காத முகம்.

“ஜுரம் எறங்கவே இல்ல. ப்ரஷர் வேற விழுந்துக்கினே இருக்குது. நாங்க குடுக்கிற மருந்து கொஞ்சம்கூட கேக்கல. சுகர், ஆறாத புண்ணு, கழுத்துல குழாய், மெஷின், இதுங்களே ஆபத்துதான். ஆனா முன்னாடியே அரைகுறையா மாத்திரை சாப்பிட்ட உடம்புலதான் கிருமி இப்படி முரண்டு பிடிக்கும். நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா.”

 மாமனார் பக்கத்தில்தான் இருந்தார். இருக்கட்டும் என்று தோன்றியது.

“சாப்பிட்டாரு டாக்டர். நான்தான் வாங்கிக் குடுத்தேன். சாமி தூக்கின புண்ணு அது. சீழோட தூக்கினாரு. மாமா, என்ன மன்னிச்சுடுங்க, உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான்...”

வேலாயுதம் அவளைத் திட்டவில்லை. இடுப்பு மடிப்பில் கையை விட்டார். ஒரு பொட்டலத்தை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். உள்ளே வெட்டிய அட்டைகள். சங்கரி வாங்கியவை அல்ல.

“துண்டுல கறையப் பாத்துட்டேம்மா, மொத நாளே,” என்றார் மருமகளிடம். “நீ பயந்துபோய் அவன தூக்க விடமாட்டன்னு சொல்லல. வேற கடையில வாங்கி நானும் குடுத்துக்கினு இருந்தேன். உங்கிட்ட சொல்லாதடான்னு அவன்கிட்ட சொல்லி வச்சேன்.”

இரண்டு பேர் கொடுத்ததையும் அவன் வாங்கி விழுங்கியிருக்கிறான். இவளிடம் அவரைப் பற்றிச் சொல்லவில்லை, அவரிடம் இவளைப் பற்றிச் சொல்லவில்லை.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தாள். முகம் மாறியது.

“இதே வகை மருந்தைத்தான் நேத்திலருந்து ஊசியில ஏத்திக்கினு இருக்கோம்.” உள்ளே ஓடினாள். மருந்தை மாற்றினார்கள். ரிசல்ட்டும் டாக்டர் பயந்தபடியே வந்தது. ஆனால் அதற்குள் சிறுநீரகம் நின்றுவிட்டிருந்தது. ஆனந்தகுமார் பிழைக்கவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா என்று சங்கரி கேட்டாள். டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாளே தவிர, பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் இல்லாமலேயே அவள் மீதி நாட்களையெல்லாம் கழிக்க வேண்டும்.

ஆனந்தகுமாரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பல்லக்குத் தூக்கும் ஆட்கள் அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். தாங்கள்தான் தூக்குவோம் என்றார்கள். பின்னால் இரண்டு பேர், முன்னால் இடப்பக்கம் ஒருவர் என்று அவரவர் வழக்கமான இடத்துக்கு வந்து நின்றார்கள். பாடையின் முன்பக்கம் வலது மூலை மட்டும் காலியாக இருந்தது. அதில் போய் நிற்க யாருக்கும் மனம் வரவில்லை.

“பெரிப்பா, ஆனந்தன் எடத்துல யாரு நிக்கிறது?” என்று பங்காளி பாண்டியன் மெதுவாகக் கேட்டான்.

வேலாயுதம் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார். உள்ளேயிருந்து சங்கரி வந்தாள். கண்ணில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது.

“தோள்ல புண்ணு இல்லாதவங்க யாராவது நில்லுங்கப்பா,” என்றாள்.