எடுக்கக் கூடாத மணி

ஆம்பூர் பஜாரில் முக்தார் அகமதுவின் செல்போன் கடைக்கு வேலை கேட்டு வந்த ஹெப்சியின் கையில் டம்மி பீஸ் அடித்தது. அலமாரியில் காட்சிக்கு வைக்கிற, சிம்மும் பேட்டரியும் இல்லாத வெறும் பிளாஸ்டிக் கூடு அது. ஒரே ஒரு மணி அடித்து நின்றது. 2005ஆம் வருடம், பக்ரீத் முடிந்த வாரம். தோல் விலை இறங்கியிருந்தது.

பன்னிரண்டாவது பாஸ், உருது புரியும், நாள் முழுக்க நிற்க முடியும் என்பதுவரை கேட்டு முடித்த முக்தார் பாய், “இதை எனக்கு வித்துக் காட்டும்மா” என்று அதைக் கொடுத்திருந்தார். இப்போது வாங்கிப் பிரித்துப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். அவள் கைக்குப் போனதும் மறுபடி அடித்தது.

“எடும்மா.”

“மிஸ்டு கால் பாய். எடுக்கக் கூடாது.”

“போனை எடுக்காத பொண்ணை வெச்சிக்கினு போன் கடையில நான் இன்னா பண்றது? எடுத்துப் பேசு, வேலை உனக்கு. இல்லாட்டி வெளிய நிக்கிறவங்களைக் கூப்பிடறேன்.”

அந்த மணி அவள் புருஷன் ஷாஜினுடையது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்ததும் ஒரு மணி விட்டு கட் பண்ணுவான். கிளம்பிவிட்டேன், உலை வை என்று அர்த்தம். எடுத்தால் அவனுக்குக் காசு போகும். எடுக்காமலிருப்பதுதான் அந்த வீட்டுப் பழக்கம். போன மழைக்காலத்தில், ஷாப்பின் கழிவுத் தொட்டிக்குள் விஷவாயுவில் மயங்கி விழுந்த ஒருத்தனைத் தூக்க ஷாஜின் இறங்கினான். அவனை மேலே தள்ளிவிட்டுத் தானும் ஏறி, விளிம்பிலேயே படுத்துக்கொண்டான். அன்று போன் நிற்காமல் அடித்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஹெப்சி, “உங்கப்பா கட் பண்ண மறந்துட்டாரு, காசு போவப் போவுது” என்று மகள் ஜெமியிடம் சொல்லிச் சிரித்தாள். ஷாஜினை உயிரில்லாமல் கண்டெடுத்தபோது போன் காதோடு இருந்தது. அதன்பின் எந்த போனைத் தொட்டாலும் ஒரு மணி அடித்தது. அவளும் தொடுவதை விட்டுவிட்டாள். ஆனால் ஜெமிக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, வீட்டு வாடகை இருந்தது. ஊரில் மற்ற வேலையெல்லாம் தோல் ஷாப்பில். அந்த கேட்டைத் தாண்ட அவள் கால்கள் ஒப்பவில்லை.

மூன்றாவது முறை அடித்தபோது ஹெப்சி பச்சைப் பட்டனை அமுக்கினாள். அது பட்டன்கூட இல்லை, ஒட்டிய படம். காதில் தோல் ஊறும் டிரம் சுற்றுகிற சத்தம் வந்தது. அன்றைக்கு எடுக்காததற்கு அவனிடம் சொல்ல ஒரு வார்த்தை வைத்திருந்தாள். வாய் திறப்பதற்குள் ஷாஜின் முந்திக்கொண்டான்.

“ஏன் எடுத்த? காசு போவுது பாரு. வை, வை. கிளம்பிட்டேன்.”

கட் ஆகிவிட்டது.

“யாரும்மா?” என்றார் பாய்.

“எங்க வீட்டுக்காரரு பாய். திட்றாரு.”

முக்தார் பாய் டம்மி பீஸை வாங்கித் துடைத்து அலமாரியில் வைத்தார். பிறகு, “திங்கக்கிழமை வந்துடும்மா” என்றார்.

ஹெப்சி நன்றாக விற்றாள். கடை மாடி எடுத்தது, மேல்விஷாரத்தில் கிளை போட்டது, கேமரா போன் வந்தது, ஜெமி காலேஜ் போனாள். தினமும் தோல் ஷாப்பில் ஷிப்ட் விடும் நேரத்தில் அலமாரியிலுள்ள டம்மி பீஸ்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மணி அடிக்கும். அந்த ரிங்டோன் வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. “விக்கறதில்ல, அது ஹெப்சி வீட்டுக்காரரு” என்பார் பாய். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள், அதை எடுக்கக் கூடாது. மணி அடித்ததும் ஹெப்சி ஜெமிக்கு போன் போட்டு உலை வைக்கச் சொல்வாள். ஜெமி மூன்று பேருக்கு அரிசி போடுவாள். கிளம்பியதற்கு மட்டும்தான் அவர்கள் மணி பேசி வைத்திருந்தார்கள். வந்து சேர்ந்ததற்கு ஒன்றும் பேசி வைக்கவில்லை. அவன்தான் வந்து கதவைத் தட்டுவானே என்று.