ஹோல்டானின் மூக்கு

பிராணிகள் கிளினிக்கின் டேப்லெட் திரையில் சிவப்புக் கட்டம் மூன்றாவது முறையாக வந்து நின்றது. 'இந்தப் பிராணி எங்கள் பதிவில் இல்லை.' ரிசப்ஷன் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். எழுத்து மாறவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் டிரைவர் அண்ணன் ஒரு பழைய துண்டில் பூனையைச் சுற்றி, கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். துண்டுக்கு வெளியே ஒரு பின்னங்கால் மட்டும், எந்தக் காலும் திரும்பக்கூடாத பக்கமாகத் திரும்பித் தொங்கியது.

"ரெண்டாவது மாடியிலேருந்தும்மா. துணி காயப்போடுற கொடிக்குத் தாவியிருக்கான். கொடி என்ன இவனுக்குப் பாலமா?" என்றார். திட்டுகிற குரல்தான். ஆனால் கை துண்டின் நுனியை இழுத்து இழுத்துப் போர்த்தியது.

முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மூன்று வருடத்துக்கு முன்னால் டெப்போ சுவர் ஓரத்தில் கிடைத்த இரண்டு சாம்பல் நிறக் குட்டிகளுக்கு, தனக்குத் தெரிந்த இரண்டே வார்த்தைகளைப் பெயராக வைத்தார். கண்டக்டர் வண்டியைக் கிளப்பச் சொல்லும் ரைட்டு ஒன்று, நிறுத்தச் சொல்லும் ஹோல்டான் இன்னொன்று. அந்தப் பெயர்கள் வாய்த்த லட்சணம்தான் வேடிக்கை. ஹோல்டான் ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்க மாட்டான். ரைட்டை எங்கே போட்டாலும் அங்கேயே கிடப்பான், கிளப்ப கிரேன்தான் வர வேண்டும். "பேரை மாத்தி வச்சிட்டீங்க அண்ணே" என்று அக்கா ஒவ்வொரு தடுப்பூசிக்கும் சொல்லிவிட்டாள். ஒன்றை மட்டும் வெளியே கொண்டுபோனால் வீட்டில் இருப்பது அக்கம்பக்கத்தைக் கூட்டிவிடும் என்பதால் இரண்டும் எப்போதும் ஒரே கூடையில்தான் வரும். இன்றைக்கும் அப்படித்தான். கூடை மேசைமேல் இருந்தது. உள்ளே ரைட்டு கிடந்தான்.

டேப் அந்தக் கிளினிக்குக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் செல்லப்பிராணிக் காப்பீடு என்றால் ஏழு பக்கப் படிவம், முத்திரை, தபால், பிறகு ஒரு வாரம். சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்குவதற்குள் பல பிராணிகளுக்குத் தானாகவே குணமாகிவிடும். இப்போது மூக்கைக் காட்டினால் போதும். மனிதனுக்குக் கைரேகை மாதிரி அதுகளுக்கு மூக்கில் ரேகை. நான்கு நிமிடத்தில் பதிவு, பத்து நிமிடத்தில் ஒப்புதல், திரையின் மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கடிகாரம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எந்தக் கிளினிக் எவ்வளவு வேகம் என்று காப்பீட்டு நிறுவனம் ஒரு பட்டியல் அனுப்பும். முதல் நாள் அந்த டேப்பைக் கண்டு முகத்தைச் சுளித்தவளே அக்காதான். அவள்தான் பதினொரு வாரமாகப் பட்டியலில் முதலிடம். சராசரி மூன்று நிமிடம் நாற்பது விநாடி. இதை அவள் கணவரிடம் சொன்னாள், தங்கையிடம் போன் போட்டுச் சொன்னாள், பால் போடுகிறவரிடம்கூடச் சொன்னாள். பத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு முதல் ரேங்க் என்றால் சும்மாவா?

ஹோல்டானைப் பதிவு செய்த நாளும் அந்தப் பதினொரு வாரத்துக்குள் இருந்தது. ஹாலில் உட்கார இடமில்லாத கூட்டம். ஹோல்டானுக்கு மட்டும் போதும் என்று டிரைவர் அண்ணன் சொல்லியிருந்தார். "ரைட்டுக்கு எதுக்கும்மா? சோபாவுலேருந்து விழுந்தாத்தான் உண்டு." கடிகாரம் மூன்று நிமிடத்தைத் தாண்டியது. ஹோல்டான் மூக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டினான். டிரைவர் அண்ணன் குனிந்து பையில் எதையோ துழாவிக்கொண்டிருந்தார். அக்கா ஹோல்டானைக் கூடையில் தள்ளிவிட்டு ரைட்டைத் தூக்கி அவன் மூக்கைக் காட்டினாள். அவளுக்கு அது புதிதும் இல்லை. குட்டிகளாக வந்தபோதே, ஹோல்டான் போட்டோவுக்கு நிற்காததால், ரைட்டின் போட்டோவையே இரண்டு தடுப்பூசி அட்டைகளிலும் ஒட்டியவள். ஒரே அச்சில் வார்த்த முகம், யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். இத்தனை நாளும் யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கு முதல் சிவப்புக் கட்டம் வந்தபோதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

எலும்பு டாக்டர் இந்தக் கிளினிக்குக்குப் புதன்கிழமை மட்டும்தான் வருவார். ஒரு மணிக்குள் ஆபரேஷனை ஆரம்பிக்காவிட்டால் அடுத்த புதன்தான். அதற்குள் எலும்பு கோணலாகக் கூடிவிடும் என்று எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். காலுக்குள் வைக்கிற தகட்டை ஒப்புதல் வராமல் பெட்டியை விட்டு எடுக்கவும் மாட்டார். கையிலிருந்து கட்ட டிரைவர் அண்ணனால் முடியாது. அது முடியாதென்றுதானே காப்பீடே எடுத்தார். சுவரில் மணி பன்னிரண்டு பத்து.

கிளினிக்கின் டாக்டர் வெளியே வந்து துண்டோடு ஹோல்டானை வாங்கிக்கொண்டார். "வலி ஊசி போட்டுடறேன். ஒப்புதல் வந்துடுச்சா அக்கா?"

"வந்துடும் டாக்டர்."

உள்ளறையின் கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. "ஏதாவது தகராறாம்மா?" என்றார் டிரைவர் அண்ணன்.

"நெட்டு கொஞ்சம் மெதுவா இருக்கு அண்ணே."

"சரி சரி. நீங்க இருக்கீங்க, எனக்கென்ன கவலை" என்று சொல்லிவிட்டு அவர் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அக்கா கூடையைப் பார்த்தாள். மூக்கு உள்ளேதான் இருக்கிறது. ஒரு முறை காட்டினால் பச்சைக் கட்டம் வந்துவிடும், எல்லாம் சுபம். உடைந்த கால் ஹோல்டானுடையது, காப்பீடு ஹோல்டானுடையது, நடுவில் மூக்கு மட்டும்தான் ரைட்டுடையது. யார் குடி கெட்டுப்போகிறது? இப்படித் தனக்குத்தானே வக்கீலாகி, தானே நீதிபதியுமாகி, அவள் கூடையின் மூடியைத் திறந்தாள்.

மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அசையாத ரைட்டு, அவள் கைக்குள்ளிருந்து வழுக்கித் தரையில் குதித்தான். ஹாலின் குறுக்கே நடந்து உள்ளறைக் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டான்.

"அட! நடக்கறான் பாரும்மா!" டிரைவர் அண்ணன் எழுந்தே விட்டார்.

அக்கா போய்த் தூக்கி வந்தாள். மறுபடியும் வழுக்கிக்கொண்டு போய் அதே இடத்தில் உட்கார்ந்தான். 'மீண்டும் முயல்க' என்றது டேப். முயலலாம். பிடரியில் எங்கே பிடித்தால் எந்தப் பூனை அடங்கும் என்பது அவளுக்கு அத்துப்படி, இரண்டு விநாடி வேலை. ஆனால் கதவுக்கு உள்ளிருந்து ஹோல்டான் மெலிதாக ஒரு தடவை கத்தினான். ரைட்டின் காது அந்தப் பக்கம் திரும்பியது. அவனை அங்கிருந்து பிய்த்துக்கொண்டு வந்து, ஹோல்டான் பெயரைச் சொல்லி மூக்கைக் காட்ட வைக்கப்போகிறோம் என்று நினைத்ததும் அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மணி பன்னிரண்டு பதினேழு. அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தாள்.

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. நான்தான் செஞ்சேன்" என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்ப காப்பீடு ரைட்டு பேர்லயா இருக்கு?"

"பேரு ஹோல்டான்தான். மூக்குதான் ரைட்டு."

கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "அப்ப அவன் காலு?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா நிறுவனத்துக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் நிதானமாகப் பேசினாள். ஒவ்வொரு பதிவும் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வீடியோவாக இருக்குமாம். முதலில் காட்டிய பூனை இதுதான் என்று அதில் தெரிந்தால் மூக்கை மாற்றிப் பதியலாமாம். "ஆனா உங்க தலைமை டாக்டர் முழுசா பாத்து உறுதி பண்ணணும் மேடம். பாதியில ஓட்டி விட்டா பட்டன் வராது."

வீடியோவில் படம் மட்டும் இல்லை, குரலும் இருக்கும் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குத் தான் என்னவெல்லாம் பேசினோம் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்று நிமிடம் நாற்பது விநாடி. அவ்வளவு நீளமான மூன்று நிமிடத்தை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. டாக்டர் ஒரு கையால் ஹோல்டானின் தலையைத் தடவிக்கொண்டே பார்த்தார். கையுறை மாட்டிக்கொண்டிருந்த எலும்பு டாக்டரும் எட்டிப் பார்த்தார். திரையில் ஹோல்டான் துள்ளினான், அவனுக்கு மட்டும் உள்ள காதோரத் தழும்பு தெளிவாகத் தெரிந்தது. கூடவே அக்காவின் குரல் அறை முழுக்கக் கணீரென்று கேட்டது. 'இதுக்கு மூக்கு வேணுமாம் மூக்கு! நம்ம டாக்டருக்குப் புதுசா எது கண்ணுல பட்டாலும் வாங்கிடணும் அண்ணே. போன வருஷம் பேசுற எடை மிஷின்னு ஒண்ணு வாங்கினாங்க. அது பேசவும் இல்ல, எடையும் காட்டல. இப்ப அதுமேல செடி வச்சிருக்கோம்.' பிறகு கூடை ஆடியது, திரையில் வேறொரு சாம்பல் முகம் வந்து அசையாமல் நின்றது. 'மூக்கு மூக்குதானே' என்ற குரலோடு வீடியோ முடிந்தது.

எலும்பு டாக்டர் முகக்கவசத்துக்குள் குலுங்கினார். அக்கா தரையைப் பார்த்தாள்.

"அக்கா" என்றார் டாக்டர்.

"டாக்டர்."

"செடிக்கு இன்னிக்குத் தண்ணி ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன் டாக்டர்."

"சரி" என்று டாக்டர் பட்டனை அழுத்தினார். "மத்ததை அப்புறம் பேசிக்கலாம். இவன் மூக்கை எடுங்க."

வலி ஊசியில் ஹோல்டான் முதன்முறையாக அசையாமல் கிடந்தான். மூக்கைப் பதிய இரண்டே விநாடி ஆனது. அத்தனை சுலபமாக முடிந்தது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. இவன் இன்னும் நாலு தடவை பிறாண்டிவிட்டு ஓடியிருக்கலாம் என்று இருந்தது. பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குப் பச்சைக் கட்டம் வந்தது. எலும்பு டாக்டர் தகட்டுப் பெட்டியைத் திறந்தார். வெளியே வரும்போது அக்காவுக்குக் காற்றில் மிதப்பதுபோல் இருந்தது. 'பதிவு திருத்தப்பட்டது, வேகப் பட்டியலிலிருந்து நீக்கம்' என்று டேப்பில் ஒரு வரி மின்னியது. போனால் போகட்டும்.

டிரைவர் அண்ணன் இரண்டு கைகளாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"ரைட்டுக்கும் எழுதிடும்மா."

"சோபாவுலேருந்து விழுந்தாத்தான் உண்டுன்னீங்க?"

"இப்ப நடக்க ஆரம்பிச்சிட்டானே. இனிமே இவனையும் நம்ப முடியாது."

அக்கா சிரித்துவிட்டாள். ரைட்டின் பெயரையும் வயதையும் தட்டிவிட்டு டேப்போடு கண்ணாடிக் கதவுக்குப் போனாள். ரைட்டு திரும்பவில்லை. அவள் அவனைத் தூக்கவும் இல்லை. முழங்கால் முனக, தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, டேப்பை மடியில் வைத்துக்கொண்டாள். திரை மூலையில் கடிகாரம் நான்கு நிமிடத்தைத் தாண்டி, ஒன்பதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் வெள்ளை விளக்கின் கீழே பச்சை அங்கிகள் இரண்டு குனிந்திருந்தன. இந்தப் பக்கம் ரைட்டின் மூக்குக்கு முன்னால், ஒரு காசு அளவுக்குக் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. மறைந்தது. மறுபடி படர்ந்தது.